ஊருக்குத் திரும்பிவிடட்டுமா? அமெரிக்காவில் பரிமாற்ற மாணவியாக இருக்கும் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு 16 வயது. சொந்த ஊர் திருச்சி. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, ஒரு கல்வியாண்டுக்குப் பரிமாற்ற மாணவியாக ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா வந்தேன். விஸ்கான்சினில் ஒரு சின்ன ஊர். என்னைத் தங்கவைத்திருக்கும் வீட்டில் ஹோஸ்ட் அம்மா, அப்பா, 13 வயதில் ஒரு தம்பி. முதல் மாதம் நன்றாகத்தான் போனது. இப்போது ஹோஸ்ட் அம்மா என்னிடம் அதிகம் பேசுவதில்லை. நான் சைவம். பல நாள் பசியோடுதான் படுக்கிறேன். பள்ளியில் மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அமெரிக்க வரலாற்றுப் பாடத்தில் கிரேடு ‘டி’க்கு இறங்கிவிட்டது. தீபாவளியன்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தினமும் இரவு ஒரு மணி நேரம் அம்மாவிடம் பேசினால்தான் தூக்கம் வருகிறது. ‘கிளம்பி வந்துவிடு, இல்லாவிட்டால் சிகாகோவில் சித்தப்பா வீட்டுக்காவது போய்விடு’ என்கிறார் அம்மா. போய்விடட்டுமா, மேடம்?

பதில்: உன் கடிதத்தில் எழுதாத சில விஷயங்களை முதலில் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் யாராவது உன்னைத் தப்பாகத் தொடுகிறார்களா? உடை மாற்றும்போது அறைக்குள் வருகிறார்களா? பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களா? உன்னிடம் பணம் கேட்கிறார்களா? குடித்துவிட்டு உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார்களா? இவற்றில் ஒன்று நடந்திருந்தாலும் பொறுத்துப் பார்க்கும் பேச்சே கிடையாது. அன்றே உன் பரிமாற்றத் திட்டத்தை அமெரிக்காவில் நடத்தும் அமைப்பின் அவசர எண்ணுக்குப் பேச வேண்டும். உடனடி ஆபத்து என்றால் போலீஸ் அவசர எண் 911. வந்தவுடன் உனக்குக் கொடுத்த அட்டையில் அமைப்பின் எண்ணோடு அமெரிக்க வெளியுறவுத் துறையின் கட்டணமில்லா எண்ணும் இருக்கும். அமைப்பு கண்டுகொள்ளாவிட்டால் அந்த எண்ணுக்கு நீயே நேராகப் பேசலாம். அட்டையைப் படம் பிடித்து அம்மாவுக்கும் அனுப்பி வை.

இவை எதுவும் இல்லையென்றால் மேலே படி. நீ எழுதியிருப்பதெல்லாம் சரிசெய்யக் கூடியவை. முடிவை இன்றைக்கே எடுக்காதே. மூன்று வாரம் தள்ளிப் போடு. அந்த மூன்று வாரத்தில் என்ன செய்வது என்றுதான் கீழே எழுதுகிறேன்.

சித்தப்பா விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம்: நடக்காது. உன்னைப் போல ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வரும் பள்ளி மாணவர்களை உறவினர் வீட்டில் தங்கவைக்க அமைப்புக்கு அனுமதி இல்லை. அரசு உதவித்தொகையில் போனாலும், பெற்றோர் கட்டணம் கட்டிப் போனாலும் விதி ஒன்றுதான். நவம்பர் நான்காம் வியாழக்கிழமை, அங்கே குடும்பமாகக் கூடிச் சாப்பிடும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வருகிறது. அதற்கு அவர் வீட்டுக்குப் போய்வர ஆசையிருந்தால், ஹோஸ்ட் பெற்றோரிடமும் அமைப்பிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போ. சொல்லாமல் பஸ் ஏறினால் அதற்காகவே திட்டத்திலிருந்து நீக்கிவிட முடியும். என்னைக் கேட்டால், முதல் தேங்க்ஸ்கிவிங்கை அந்த வீட்டிலேயே இருந்து பார்ப்பது நல்லது.

இனி பசி. மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். பசியோடு படுத்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் படிப்பு கெடும், எதற்கெடுத்தாலும் அழுகை வரும்.

நம் வீடுகளில் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் முதல் தடவை ‘வேண்டாம்’ என்போம். மறுபடி கேட்பார்கள், மூன்றாம் தடவை தட்டில் போட்டே விடுவார்கள். அமெரிக்க வீட்டில் ஒரு முறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இரண்டாம் முறை கேட்பது உன்னை வற்புறுத்துவதாகும் என்று அவர்கள் நினைப்பார்கள். அதனால் நீ மரியாதைக்குச் சொன்ன ‘வேண்டாம்’ அத்தனையும் நிஜமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும். இரண்டாவது காரணம் நேரம். அங்கே இரவுச் சாப்பாடு பெரும்பாலும் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கே முடிந்துவிடும். உன் வயிறு எட்டரைக்குப் பழகியது. ஒன்பது மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? மூன்றாவது, ஃப்ரிட்ஜ். ‘வேண்டியதை எடுத்துக்கொள்’ என்று முதல் நாள் சொல்லியிருப்பார்கள். அடுத்தவர் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறக்க உனக்குக் கை வந்திருக்காது. அவர்கள் அதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. நீயாக எடுத்துச் சாப்பிடுவாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ‘இதில் நான் தொடக் கூடாதது எது?’ என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, மற்றதைத் தயங்காமல் எடு.

சைவம் என்றால் என்ன என்பதும் அவர்களுக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. உன் விண்ணப்பத்தில் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் உன்னைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அதில் முட்டை, மீன் பற்றி என்ன எழுதினாய் என்று ஒரு முறை எடுத்துப் பார். பிறகு ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டு. சாப்பிடுபவை: பீன்ஸ், சீஸ், பால், தயிர், பீனட் பட்டர், பாஸ்தா, உருளைக்கிழங்கு, டார்ட்டியா என்ற மெக்சிகன் ரொட்டி. சாப்பிடாதவை: இறைச்சி, மீன், கோழி வேகவைத்த சூப் தண்ணீர், ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது). கடைசி இரண்டையும் எழுத மறக்காதே. காய்கறி சூப் என்று பெயர் இருந்தாலும் கோழிச் சாறு ஊற்றியிருப்பார்கள். மார்ஷ்மெல்லோவிலும் ஜெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கும். டப்பாவில் வரும் மசித்த பீன்ஸில் சில பிராண்டுகள் பன்றிக் கொழுப்பு சேர்க்கின்றன. சீஸர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி மீன் இருக்கும். லேபிளைப் படிக்கும் வேலையை நீ எடுத்துக்கொள். ஹோஸ்ட் அம்மாவின் தலையில் அதைக் கட்டாதே.

அதோடு வாரத்தில் ஒரு நாள் சமையல் என்னுடையது என்று சொல். உன் வயிற்றுக்கு மட்டுமில்லை, அந்த வீட்டில் உன் இடத்துக்கும் இது உதவும். இந்தியக் கடை தேடி மாநிலத் தலைநகர் மேடிசன் வரை போக வேண்டியதில்லை. சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே ‘ரெட் லென்டில்’ என்று மைசூர் பருப்பு கிடைக்கும். குக்கர் இல்லாமல் இருபது நிமிடத்தில் வெந்துவிடும்: அரை கப் பருப்புக்கு ஒன்றரை கப் தண்ணீர். அரிசி ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீர். கொதி வந்ததும் அடுப்பை மிகக் குறைத்து, மூடி போட்டுப் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம், பிறகு அடுப்பை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் திறக்காதே. தயிர் வாங்கும்போது ‘ப்ளெயின்’ என்று எழுதியிருக்கிறதா பார். வெனிலா போட்ட இனிப்புத் தயிரில் தயிர்சாதம் பிசைந்தவர்கள் பலர். தாளிப்பதில்தான் விபத்து நடக்கும். எண்ணெய் புகைந்தால் ஸ்மோக் அலாரம் கத்தும், காய்ந்த மிளகாய் நெடியில் வீடே இருமும். முதல் முறை மிளகாயை விட்டுவிட்டு வெண்ணெயில் சீரகம் மட்டும் பொரி. அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போடு, படுக்கையறைக் கதவுகளைச் சாத்து, இல்லாவிட்டால் எல்லோருடைய குளிர்கோட்டிலும் வாசனை ஏறிவிடும். மஞ்சள்தூள் வெள்ளை மேடையில் சிந்தினால் உடனே துடைத்துவிடு, கறை போகாது. கறிவேப்பிலையை அம்மாவைத் தபாலில் அனுப்பச் சொல்லாதே. பச்சையான கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் கொண்டுவரத் தடை செய்யப்பட்ட பொருள்.

ஹோஸ்ட் அம்மா ஏன் பேசவில்லை என்று நீ யோசிக்கிறாய். அவரும் அதையே யோசித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஜே-1 பள்ளித் திட்டத்தில் ஹோஸ்ட் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. வீட்டுக்கு ஆள் வந்து நேர்காணல் செய்து, 18 வயது நிறைந்த எல்லோருக்கும் குற்றப் பின்னணி சோதனை நடத்தி, அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு ஒரு மாணவி கிடைப்பாள். இவ்வளவுக்கும் சம்மதித்தவர்கள் ஒரு பெண் வீட்டில் வளைய வருவாள் என்று எதிர்பார்த்துத்தான் சம்மதித்தார்கள். நீயோ பள்ளி விட்டு வந்ததும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாய். அங்கே சாத்திய கதவுக்கு ‘என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள்’ என்று அர்த்தம். அவர் உன்னைத் தொந்தரவு செய்யாமல் இருக்கிறார், அவ்வளவுதான்.

வேறு சின்னச் சின்ன உரசல்களும் இருக்கலாம். யாரும் வாய் திறந்து சொல்லாமல் மனதில் வைத்துக்கொள்ளும் வகை இவை. குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. திரைச்சீலையின் கீழ் ஓரம் தொட்டிக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே விட்டுக் குளித்தால் தண்ணீர் தரை வழியாகக் கீழ்த்தளக் கூரையில் கசியும். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தால் தொட்டி வழுக்கும், அடுத்து வருபவர் விழுந்துவிடலாம். குளித்ததும் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துவிடு. வடிகாலில் சேரும் முடியை நீயே எடு. எண்ணெய்த் தலையோடு படுத்தால் தலையணை மேல் பழைய துண்டு விரி. சாப்பாட்டு மேஜையில் ஃபோன் வேண்டாம். சாப்பிட்ட தட்டை டிஷ்வாஷரில் நீயே வை. காரில் கொண்டுபோய் விட்டாலும், சமைத்துப் போட்டாலும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டு நன்றி சொல். நம் வீட்டில் அம்மாவுக்கு நன்றி சொன்னால் அவரே சிரிப்பார். அங்கே சொல்லாவிட்டால் மனம் நோகும்.

கார் விஷயத்தில் இன்னொன்று. ‘இன்னும் பத்து நிமிடத்தில் என்னைக் கொண்டுபோய் விட முடியுமா’ என்று கேட்பது ஹோஸ்ட் பெற்றோரிடம் வழக்கமாக வரும் புகார். ஞாயிறு மாலை அந்த வாரத்துக்கு எங்கெங்கே போக வேண்டும் என்று எழுதி, வீட்டுக் காலண்டரில் குறித்துவிடு.

இதையெல்லாம் திருத்திக்கொண்டால் மட்டும் போதாது, உட்கார்ந்து பேசவும் வேண்டும். சனி அல்லது ஞாயிறு காலை, தம்பி இல்லாத நேரமாகப் பார்த்து, ‘உங்களோடு பதினைந்து நிமிடம் பேச வேண்டும்’ என்று முதல் நாளே சொல்லி வை. மூன்று விஷயத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போ. அழுகை வந்தால் தாளைப் பார்த்துப் படிக்கலாம், அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒன்று, வீட்டு ஞாபகம் அதிகமாக இருக்கிறது, அதனால்தான் அறையிலேயே இருந்தேன், உங்கள் மேல் கோபம் இல்லை. இரண்டு, இரவு ஒன்பது மணிக்குப் பசிக்கிறது, நான் என்ன எடுத்துச் சாப்பிடலாம்? மூன்று, நான் செய்வதில் உங்களுக்குச் சங்கடமாக இருப்பது எது? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் கொஞ்சம் சுடும். விளக்கம் கொடுக்காமல் கேட்டுக்கொள். ‘இட்ஸ் ஓகே’ என்று சொல்லி முடித்துவிடாதே. அந்த இரண்டு வார்த்தையால்தான் இத்தனை நாள் இப்படிப் போயிருக்கிறது.

அடுத்து அம்மாவோடு பேசும் நேரம். நீ இரவு ஒன்பதரைக்குக் கூப்பிடுகிறாய் என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்த பிறகு, திருச்சியில் அப்போது காலை ஒன்பது மணி. அம்மா வேலைக்கு ஓடும் நேரம், நீ களைத்திருக்கும் நேரம். அன்றைய மோசமான சங்கதிகளை மட்டும் கொட்டிவிட்டு நீ தூங்கிவிடுவாய். அம்மா நாள் முழுக்க அதைச் சுமப்பார். ஊர்ப் பேச்சிலேயே மனம் ஊறிக் கிடப்பதால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது உன் காதில் ஏறாது. நிறுத்தச் சொல்லவில்லை, மாற்றச் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரு நீண்ட பேச்சு. ஊரில் அப்போது இரவு எட்டரை, அப்பாவும் இருப்பார். புதன்கிழமை பதினைந்து நிமிடம். நடுவில் படமும் இரண்டு வரிச் செய்தியும் மட்டும். அந்த ஒன்பதரை மணிக்குக் கீழே போய் அவர்களோடு டிவி பார், புரியாவிட்டாலும் பரவாயில்லை. முதல் நான்கைந்து நாள் கஷ்டமாகத்தான் இருக்கும்.

வெளிச்சத்தையும் மறந்துவிடாதே. விஸ்கான்சினில் டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். திருச்சியில் வளர்ந்த உடம்புக்கு இது புதிது. மதிய இடைவேளையில் பதினைந்து நிமிடமாவது வெளியே நட. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டே இருந்தால் பள்ளி கவுன்சிலரைப் பார். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழை, எந்த நேரமும் ஆள் இருப்பார்கள்.

வரலாற்றுப் பாடத்தில் ‘டி’ வாங்கியதற்கு உன் ஆங்கிலம் மட்டும் காரணமாக இருக்காது. நம் ஊரில் கடைசிப் பரீட்சை எழுதினால் எல்லாம் சரியாகிவிடும். அங்கே வீட்டுப்பாடம், சின்னச் சின்ன வினாடி வினா, புராஜெக்ட், வகுப்பில் பேசுவது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. பத்து வேலையில் எட்டுக்கு 90 வாங்கி, இரண்டைக் கொடுக்காமல் விட்டால் சராசரி 72தான். நான்கை விட்டால் 54. பள்ளியின் ஆன்லைன் மதிப்பெண் பக்கத்தைத் திறந்து, பூஜ்யம் விழுந்தவற்றை எழுதிக்கொள். அதோடு ஆசிரியரிடம் வகுப்புக்கு முன்போ பின்போ போய், தாமதமாகக் கொடுத்தால் பாதி மதிப்பெண்ணாவது தருவீர்களா என்று கேள். கேட்கும் மாணவருக்குப் பெரும்பாலும் வழி விடுவார்கள். தோழியின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதுவதும், இணையத்திலிருந்து பத்தியை அப்படியே எடுத்துப் போடுவதும் அங்கே சின்னக் குற்றமில்லை. அதில் மட்டும் கவனம். பெரும்பாலான அமைப்புகள் சராசரியாக ‘சி’ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும், அதற்குக் கீழே போனால் எச்சரிக்கைக் கடிதம் வரும். உன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்.

மதியச் சாப்பாட்டு மேஜைக்கு நேரான வழி கிடையாது. அங்கே எல்லோரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாக உட்கார்ந்தவர்கள். உன்னை வெறுக்கவில்லை, உன்னைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. மாலையில் ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்தால் அந்தக் குழுவோடு மேஜையும் வரும். கூடைப்பந்து அணியில் விளையாடத் தெரியாவிட்டால் மேனேஜராகப் போகலாம்: தண்ணீர், ஸ்கோர், பந்துப் பை. நாடகம் என்றால் மேடைக்குப் பின்னால் செட்டுக்குப் பெயின்ட் அடிக்க, விளக்குப் போட ஆள் எப்போதும் தேவை. மார்ச்சில் தடகளம் தொடங்கும்; பல பள்ளிகளில் அதில் யாரையும் கழிப்பதில்லை. கவுன்சிலரிடம் போய் ‘ஆளைக் கழிக்காத குழு எது?’ என்று கேட்டால் அவரே பட்டியல் தருவார்.

இவ்வளவும் செய்து மூன்று வாரம் கழித்தும் வீடு சரிப்படாவிட்டால் குடும்பத்தை மாற்றக் கேட்கலாம். அது உன் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு வழி, அமைப்பின் சார்பில் உன் பகுதியில் உன்னைக் கவனித்துக்கொள்ளும் லோக்கல் கோஆர்டினேட்டர்தான். அவர் உன்னோடும் ஹோஸ்ட் குடும்பத்தோடும் மாதம் ஒரு முறையாவது பேச வேண்டும் என்பது விதி. உன் வீட்டிலிருந்து 120 மைலுக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி. அவர் கேட்கும்போதெல்லாம் ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லியிருப்பாயே? இன்றே அவருக்குத் தேதி போட்டு எழுது: எந்த நாள் என்ன நடந்தது, நீ என்ன செய்து பார்த்தாய். ‘பிடிக்கவில்லை’ என்று ஒரு வார்த்தையில் எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் மூவரையும் உட்காரவைத்துப் பேசுவார். அதற்கும் சரியாகாவிட்டால்தான் புது வீடு தேடுவார்கள். புதுக் குடும்பத்துக்கும் அதே நேர்காணல், அதே பின்னணி சோதனை, அதனால் காத்திருக்க வேண்டி வரும். சின்ன ஊரில் வேறு வீடு கிடைக்காவிட்டால் பள்ளியும் மாறலாம். இதைத் தெரிந்துகொண்டு கேள். உன் வகுப்புத் தோழி வீட்டில் இடம் தருவார்கள் என்று தோன்றினால் அந்தப் பெயரைக் கோஆர்டினேட்டரிடம் சொல். நீயாகப் பேசி முடிவு செய்துவிடாதே.

இனி உன் அம்மாவுக்கு. அம்மா, ‘கிளம்பி வந்துவிடு’ என்று இரவு ஒன்பதரைக்குச் சொல்வதை மட்டும் மூன்று வாரம் நிறுத்துங்கள். கதவு திறந்திருக்கிறது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். தினமும் அதை நினைவூட்டினால் அவள் அங்கே வேர் பிடிக்க மாட்டாள். ஹோஸ்ட் அம்மாவுக்கு நேராகப் புகார் அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் இங்கே இந்தியாவில் அவளை அனுப்பிய அலுவலகத்திடம் கேளுங்கள். அவர்கள் அங்குள்ள அமைப்பிடம் கேட்பார்கள். ‘இன்று சாப்பிட்டாயா’ என்று கேட்பதற்குப் பதில் ‘இன்று என்ன சாப்பிட்டாய்’ என்று கேளுங்கள், உண்மை வெளியே வரும். தொடக்கத்தில் நான் எழுதிய ஆபத்துகளில் ஒன்று காதில் விழுந்தால் மட்டும் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

பதினொன்றாம் வகுப்பைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் இப்போதே யோசித்து வை. திரும்பி வந்ததும் பதினொன்றில் சேர்ந்து ஒரு வருடம் தள்ளிப் படிப்பதுதான் சிக்கலில்லாத வழி. நேராகப் பன்னிரண்டில் உட்காரலாம் என்று யாராவது சொன்னால், உன் பள்ளித் தலைமையாசிரியரிடமிருந்து எழுத்தில் வாங்காமல் நம்பாதே. அடுத்த செமஸ்டரில் கணக்கும் வேதியியலும் எடு, தொடர்பு விட்டுப் போகாது. பள்ளி முத்திரையோடு சீலிட்ட மதிப்பெண் பட்டியல் இரண்டு பிரதி வேண்டும் என்று மே மாதத்திலேயே பள்ளி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடு. கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் அங்கே பதில் சொல்ல ஆள் இருக்காது.